மசூதியிலிருந்து புத்தூர் ரோடு வரை

கோவர்த்தனன் மசூதிக்குள் ஓடிவந்தபோது பிற்பகல் அசர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். காலில் செருப்பு இல்லை. சட்டையின் ஒரு கை கிழிந்து தொங்கியது. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஹவுள் தொட்டியோரம் வந்து குந்தி, இரண்டு கைகளையும் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுக்கொண்டான்.

மசூதியின் முத்தவல்லி குலாம் தஸ்தகீர் அப்போதுதான் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். மசூதியைப் பார்த்துக்கொள்ளும் நேரம் போக, புத்தூர் ஸ்டேஷனுக்கு ஜட்கா ஓட்டுவது அவர் பிழைப்பு. நெசவுத் தெரு ஆள் ஒருவன் இந்த நேரத்தில் இங்கே வந்து குந்தியிருப்பதைப் பார்த்ததும், ஏரிப்பக்கம் என்னவோ நடந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

"இன்னாடா ஆச்சு?"

"கல்லு உட்டுட்டேன் பாய்."

"யார் மேல?"

"கூட்டத்து மேலதான் உட்டேன். அவங்களும் உட்டாங்க. எங்கல்லு சென்னம்மா மவன் மேல பட்டுடுச்சு. வெங்கடரமணன் மேல. காதுக்கு மேல. வுழுந்தவன் எழுந்துக்கல."

தஸ்தகீர் போய் வெளிக்கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியும் நாரணகுப்பம் எந்தப் பக்கம் என்பது தீராமல் கிடந்தது. மேற்கே நெசவுத் தெரு. தறி வீடுகள், தமிழ் பேசுகிறவர்கள். கிழக்கே பெரிய தெரு. நிலம் வைத்திருக்கும் தெலுங்குக்காரர்கள். இரண்டுக்கும் நடுவில் மசூதியும் அதைச் சுற்றி இருபது முஸ்லிம் வீடுகளும். ஒரே சந்தை, ஒரே ஏரி. ஒரே வாக்கியத்தில் பாதி தமிழும் பாதி தெலுங்கும் பேசிப் பழகியவர்கள்தான் எல்லோரும். எல்லைக் கமிஷன் தீர்ப்பு வந்த பிறகு அந்தப் பேச்சு மாறிப்போனது. மெட்ராஸோடு சேர வேண்டும் என்று ஒரு தெருவும், ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு தெருவும் கொடி கட்டின. அன்றைக்கு ஏரிக்கரையில் சர்வே ஆட்கள் எல்லைக் கல் நட வந்தார்கள். இரண்டு தெருவும் திரண்டு போய் நின்றது. முதல் கல்லை யார் எறிந்தது என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. சர்வேக்காரர்கள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் ஊரிலேயே இருந்தார்கள்.

உள்ளே இமாம் சையத் நூருல்லா எழுந்து வந்தார். கடப்பாவிலிருந்து வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. உருதும் தெலுங்கும் பேசுவார், தமிழ் வராது. குந்தியிருந்தவனைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார். தஸ்தகீரைத் தனியாகக் கூப்பிட்டு உருதுவில் தாழ்ந்த குரலில் பேசினார். இந்தச் சண்டையில் நமக்கு என்ன இருக்கிறது, நாம் இருபது வீடு, இந்தப் பக்கம் முந்நூறு அந்தப் பக்கம் முந்நூறு, இவனை வெளியே அனுப்பிவிடுங்கள், பிறகு நடப்பது அவர்கள் பாடு என்றார்.

"அனுப்பினா அடிச்சே கொன்னுடுவாங்க ஹஜ்ரத்."

"வைத்துக்கொண்டால் நம் வீடுகளைக் கொளுத்துவார்கள்."

தஸ்தகீர் மனதிலும் அந்தப் பயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மசூதிக்குப் பின்னால் ஆள் உயரச் சுவர். அதற்கு அப்பால் கரும்புத் தோட்டம். கொஞ்சம் இருட்டியதும் இவனைச் சுவர் ஏற்றி விட்டுவிட்டால் ஏகாம்பரகுப்பம் போய் ரயில் பிடித்துவிடுவான். யாரும் எதுவும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

அதற்குள் கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

வந்தது கிருஷ்ணப்பா. வெங்கடரமணனின் சித்தப்பா, பெரிய தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பின்னால் ஐம்பது அறுபது பேர். கடப்பாரை, மண்வெட்டிக் காம்பு, வண்டியிலிருந்து உருவிய முளை. தஸ்தகீர் கதவைப் பாதி திறந்து, திறந்த இடத்தில் தானே நின்றுகொண்டார்.

"சாயபு, அவன் உள்ளதான் வந்தான். பாத்தவங்க இருக்காங்க."

"வந்தான்."

பொய் சொல்லுவார் என்று எதிர்பார்த்திருந்த கிருஷ்ணப்பா கடப்பாரையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"அப்ப வெளிய அனுப்பு."

"அனுப்ப மாட்டேன். போலீசு வரட்டும், ஒப்படைக்கறேன்."

"போலீசு எப்படி வரும்? புத்தூர் ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டுக்கினு குந்தினு கீறாங்க அவங்க ஆளுங்க." கிருஷ்ணப்பா ஒரு படி ஏறினார். "இந்த மசூதிக்கு மேக்கு சுவர் எழுப்பறப்ப கல்லு அத்தனையும் எங்க நைனா வண்டியில வந்திச்சு. கூலி வாங்கல. அந்தச் சுவருக்குள்ள எங்க புள்ள மண்டைய ஒடச்சவன ஒளிச்சு வெச்சிருக்க."

"உங்க நைனா கல்லு ஏத்தினு வந்தாரு. உள்ள விரிச்சிருக்கிற விரிப்பு அவன் தெருவுல நெய்ஞ்சு குடுத்தது. நான் யாருக்கு இந்தக் கதவ சாத்தறது, நீயே சொல்லு கிருஷ்ணப்பா."

கூட்டத்தில் யாரோ தெலுங்கில் கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஒரு கல் வந்து கதவின் மேல்கட்டையில் பட்டு விழுந்தது. கிருஷ்ணப்பா திரும்பிப் பார்த்து எறிந்தவனை அதட்டினார். அதட்டினாரே தவிர, படியிலிருந்து இறங்கவில்லை.

"மக்ரிப் தொழுகை முடியற வரைக்கும் நிக்கறேன்," என்றார். "நீங்க தொழுதுக்கினு இருக்கறப்ப உள்ள வரமாட்டேன். அதுக்கப்புறம் வருவேன்."

சூரியன் இறங்கியது. வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர்தான் தொழுகைக்கு வந்தார்கள். கடப்பாரைகளுக்கு நடுவே குனிந்த தலையோடு நடந்து உள்ளே நுழைந்தார்கள். இமாமின் குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது. ஹவுளோரம் கோவர்த்தனன் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. மக்ரிப் முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது வாசலில் பெண்கள் நிற்பார்கள். கையில் செம்பு, தம்ளர், இடுப்பில் காய்ச்சல் கண்ட குழந்தை. தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராக அந்தத் தண்ணீரில் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். நெசவுத் தெருப் பெண்களும் பெரிய தெருப் பெண்களும் முஸ்லிம் வீட்டுப் பெண்களும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். எந்தத் தண்ணீர் எந்த மொழிக்காரி செம்பில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

அன்று தஸ்தகீர் கதவைத் திறந்தபோது வரிசை இல்லை. ஒரே ஒருத்தி நின்றிருந்தாள். சென்னம்மா. கூட்டம் அவளுக்கு வழிவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கியிருந்தது. சேலை முந்தானையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. இரண்டு கையாலும் செம்பை ஏந்திக்கொண்டிருந்தாள்.

"சாயபண்ணா, ஊதிக் குடுங்க," என்றாள். "கண்ண தெறக்கறான், மூடிக்கறான். வாந்தி எடுக்கறான். என்ன யாருன்னு கேக்கறான்."

தஸ்தகீர் செம்பை வாங்கினார். பக்கத்தில் நின்ற இமாமிடம் செம்பை நீட்டினார். நூருல்லா கண்ணை மூடி நெடுநேரம் ஓதி ஊதினார். அடுத்து நின்றவர் வாங்கி ஊதினார். அவருக்கடுத்தவரும் ஊதினார். செம்பு கை மாறி மாறிப் போய்த் திரும்பி வந்தது. தள்ளி நின்ற கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போகலியா அக்கா?" என்று தஸ்தகீர் கேட்டார்.

"எங்கண்ணா போறது? எங்க வண்டி நெசவுத் தெரு முனை வரைக்கும் போச்சு. அடிச்சுத் திருப்பி உட்டுட்டாங்க. கோவர்த்தனன மசூதியில வெச்சு வெட்டிப் போட்டுட்டீங்களே, இப்ப ஆஸ்பத்திரி ஒண்ணு கேடான்னு கேக்கறாங்க. ஏரிக்கரை மேல வண்டி போவாது. ரமணனோட நைனா திருப்பதியில கீறாரு. அவருக்குச் சேதி சொல்லக்கூட ஆள் போவ முடியல."

தஸ்தகீருக்கு அப்போதுதான் விளங்கியது. உள்ளே இருக்கிறவன் செத்துவிட்டான் என்று அந்தத் தெரு நம்புகிறது. அவன் உயிரோடு போய் நின்றால் தவிர மரம் நகராது. கரும்புத் தோட்டம் வழியாக அனுப்பிவிட்டால் இவன் பிழைத்துக்கொள்வான். சென்னம்மாவின் மகன் விடிவதற்குள் போய்விடுவான்.

செம்பை அவளிடம் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் இரு அக்கா," என்று உள்ளே போனார். கோவர்த்தனன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவர் எதிரில் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தான்.

"பின்பக்கம் சுவர் கீது," என்றார் தஸ்தகீர். "ஏறிக் குதிச்சா கரும்புத் தோட்டம். நான் தடுக்கமாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன். இல்ல, என்கூட ஜட்காவுல வரணும். உன்னப் பாத்தாத்தான் உங்காளுங்க வழி உடுவாங்க."

"வாசல்லயே கொன்னுடுவாங்க பாய்."

"கொல்லலாம். அப்படி ஆவாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

கோவர்த்தனன் பின்சுவரைப் பார்த்தான். அவனுக்கு இருபத்தாறு வயது. இரண்டு குழந்தைகள், மனைவி தாட்சாயணி, தறியில் பாதி நெய்து நிற்கும் ஒரு சேலை. சுவர் பக்கம் இரண்டு அடி நடந்தான். தஸ்தகீர் சொன்னபடியே தடுக்கவில்லை. சுவரில் கை வைத்தவன் அப்படியே நின்றான்.

"அவன் எங்கிட்ட பாவு சுத்த வருவான் பாய்," என்றான் திரும்பாமலே. "ரமணன். நெசவு கத்துக்கறேன்னு. அவங்க சித்தப்பனுக்குத் தெரியாம."

பிறகு கையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

தஸ்தகீர் வாசலுக்குப் போனார். கிருஷ்ணப்பாவிடம் பேசவில்லை. சென்னம்மாவிடம்தான் பேசினார். உன் மகன் மேல் கல் எறிந்தவன் உள்ளே இருக்கிறான், அவன் என் வண்டியில் வந்தால் ரோடு திறக்கும், உன் ஆட்கள் அவன் மேல் கை வைத்தால் திறக்காது, எது வேண்டுமோ நீயே சொல் என்றார்.

அவள் கையிலிருந்த செம்பிலிருந்து தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. அதைப் பார்த்துச் செம்பை நேராகப் பிடித்துக்கொண்டாள். பிறகு திரும்பிக் கொழுந்தனின் முன்னால் போய் நின்றாள்.

"கிருஷ்ணப்பா, வழி உடு."

"வதினா, அவன் நம்ம புள்ளய..."

"என் புள்ள. மொதல்ல அவன் பொழைக்கணும். உன் ரோசத்த அதுக்கப்புறம் வெச்சுக்கோ."

கிருஷ்ணப்பா கடப்பாரையைத் தரையில் ஊன்றி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். வழிவிடுகிறேன் என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் படியிலிருந்து இறங்கி நின்றார்.

தொழ வந்தவர்கள் கோவர்த்தனனை நடுவில் விட்டுச் சுற்றிலும் நெருக்கமாக நடந்தார்கள். யாரோ ஒருவன் அவர்கள் தோளுக்கு மேலாகக் கை நீட்டி அவன் முதுகில் ஒரு குத்துவிட்டான். கோவர்த்தனன் தடுமாறி நிமிர்ந்தான். மற்றபடி யாரும் தொடவில்லை. ஜட்கா பெரிய தெருவுக்குப் போய் வெங்கடரமணனை ஏற்றிக்கொண்டு வந்தது. வைக்கோல் மேல் பழைய சேலையை விரித்து அவனைக் கிடத்தியிருந்தார்கள். தலையில் கட்டியிருந்த வேட்டித்துணி நனைந்து ஒட்டியிருந்தது. சென்னம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முன்னால் தஸ்தகீருக்குப் பக்கத்தில் கோவர்த்தனன் உட்கார்ந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனும் பின்னால் திரும்பவில்லை. தொழுதவர்களில் பாதிப் பேர் வண்டியோடு நடந்து வந்தார்கள். இமாமும் வந்தார். வரவேண்டாம் என்று தஸ்தகீர் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

நெசவுத் தெரு முனையில் தீப்பந்தம் எரிந்தது. ரோட்டின் குறுக்கே வெட்டிப்போட்ட புளியமரம். அதற்கு முன்னால் இரண்டு கட்டைவண்டிகளைக் கவிழ்த்திருந்தார்கள். ஜட்கா வரும் சத்தம் கேட்டதுமே கற்கள் வந்தன. ஒன்று கூண்டில் பட்டது. ஒன்று குதிரையின் கழுத்தில் பட, அது முன்னங்காலைத் தூக்கியது. வண்டி பின்னால் சாய்ந்தது. உள்ளேயிருந்து வெங்கடரமணன் முனகும் சத்தம் கேட்டது.

கோவர்த்தனன் எழுந்து ஏர்க்கால் மேல் நின்றான்.

"நான்தான். கோவர்த்தனன். கல்லு உடாதீங்க."

கற்கள் நின்றன. பந்தத்தை உயர்த்திக்கொண்டு எத்திராஜ் முன்னால் வந்தார். எல்லைக் கமிட்டிக்குத் தலைவர், சொந்தத்தில் எட்டுத் தறி ஓடுகிறது. கோவர்த்தனனுக்கு முதன்முதலில் வேலை கொடுத்தவரும் அவர்தான்.

"உயிரோட கீறியாடா," என்றார். பந்த வெளிச்சத்தில் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எறங்கி வா. வண்டி அப்படியே திரும்பட்டும்."

"உள்ள ரமணன் கீறான் அண்ணா. புத்தூர் போவணும்."

"தெரியும். அவன் புத்தூர் போனா டாக்டரு போலீசுக்குச் சொல்லுவாரு. விடியறதுக்குள்ள நம்ம தெருவுல லாரி வந்து நிக்கும். வீட்டுக்கு வீடு ஆம்பளைங்கள அள்ளிக்கினு போவாங்க. உன்னத்தான் மொதல்ல." எத்திராஜ் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். "யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டுதான் வந்தேன்."

"உனக்காகத்தான்டா இத்தன பேரும் மத்தியானத்துலேர்ந்து சோறு தண்ணி இல்லாம நிக்கறோம்."

கோவர்த்தனன் வண்டியிலிருந்து இறங்கினான். அவன் தங்களிடம் வருவதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் எத்திராஜைத் தாண்டிப் போய்க் கவிழ்ந்து கிடந்த கட்டைவண்டியின் சக்கரத்தைப் பிடித்து இழுத்தான். தனியாளாக இழுத்தால் அது நகராது. மறுபடியும் இழுத்தான். தெருவில் ஒருவரும் அசையவில்லை.

அப்போது இமாம் நூருல்லா போய் அந்த வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று தோள் கொடுத்தார். அங்கே பேசியதில் அவருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. வெள்ளை ஜிப்பாவில் சேறு அப்பியது. வண்டியோடு நடந்து வந்தவர்களும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். கட்டைவண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. புளியமரத்தை நகர்த்த அத்தனை பேர் போதவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாட்சாயணி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. புருஷனைப் பார்த்தாள். ஜட்காவின் பின்பக்கம் போய் உள்ளே பார்த்தாள். மடியில் கிடந்த முகத்தை அவளுக்குத் தெரியும். அவள் வீட்டில் உட்கார்ந்து பாவு சுற்றியவன்தான். தெருவைப் பார்த்துத் திரும்பினாள்.

"மரத்த எடுங்க," என்றாள். "எடுங்களேன். இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க?"

முதலில் ஒருவன் வந்தான். பிறகு நான்கைந்து பேர். பிறகு பத்துப் பேர் கை வைத்தார்கள். எத்திராஜ் கடிவாளத்தை விடவில்லை. மரம் நகர்ந்து வண்டி போகிற அளவுக்கு இடம் வந்த பிறகும் பிடித்துக்கொண்டுதான் நின்றார். தஸ்தகீர் சாட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, "உட்டுடு எத்திராஜூ," என்றார். எத்திராஜ் பந்தத்தைத் தரையில் தேய்த்து அணைத்தார். இருட்டில் அவர் கை கடிவாளத்திலிருந்து விலகியது. தன் தெருக்காரர்கள் அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

கோவர்த்தனன் மறுபடியும் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். இனி நீ வரவேண்டியதில்லை என்று தஸ்தகீர் சொன்னார். "எங்க போவறது பாய்?" என்று மட்டும் கேட்டான்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் காயத்தைக் கட்டி, வேனில் திருப்பதிக்கு அனுப்பினார்கள். வேன் போனதும் கோவர்த்தனன் எதிரிலிருந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய்த் தன் பெயரைச் சொல்லிச் சரணடைந்தான். எத்திராஜ் பயந்தபடி லாரி வந்தது. நெசவுத் தெருவில் பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பெரிய தெருவிலும் பிடித்தார்கள்.

அதன்பிறகு மசூதிக்கு ஏற்பட்ட நிலைமையைத் தஸ்தகீர் எதிர்பார்க்கவில்லை. இரண்டு தெருவும் அவர்களோடு பேச்சை நிறுத்தியது. கொலைகாரனுக்கு இடம் கொடுத்தார்கள் என்று ஒரு தெரு சொன்னது. ஜட்கா ஓட்டிப் போய்த் தெருவையே காட்டிக்கொடுத்தார்கள் என்று இன்னொன்று சொன்னது. தஸ்தகீரின் வண்டியில் யாரும் ஏறவில்லை. மாலையில் வாசலில் செம்போடு நிற்க யாரும் வரவில்லை. மக்ரிப் முடிந்து வெளியே வருகிறவர்கள் காலி வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டுப் போவார்கள். ஊரைவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்த இமாம் போகவில்லை. நெசவுத் தெருக் கடைக்காரர் ஒருவரிடம் தமிழ் எழுத்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். கடைக்காரர் முதல் இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை. இமாம் தினமும் போனார்.

வெங்கடரமணன் பிழைத்துக்கொண்டான். திருப்பதியிலிருந்து வர நெடுநாள் ஆனது. வலது காது கேட்காமல் போய்விட்டது. கொஞ்ச நாள் வார்த்தைகள் மாறி மாறி வந்தன, பிறகு சரியாகிவிட்டது.

வழக்கு சித்தூர் கோர்ட்டில் நடந்தது. சென்னம்மா சாட்சிக் கூண்டில் ஏறினாள். அவன் கல் எறிந்தானா என்று கேட்டார்கள். எறிந்தான் என்றாள். கிருஷ்ணப்பா வைத்த வக்கீல் அதோடு உட்காரப் போனார். அவள் கூண்டிலிருந்து இறங்கவில்லை. "அவன்தான் வண்டியில வந்தான். அவன் வரலன்னா ரோட்டத் தெறந்திருக்க மாட்டாங்க. அதையும் எழுதிக்கோங்க," என்றாள். கிருஷ்ணப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

கோவர்த்தனனுக்கு எட்டு மாதத் தண்டனை கிடைத்தது. அழைத்துப் போகும்போது தாட்சாயணியிடம் தறியைச் சும்மா விடாதே என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. தஸ்தகீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தாட்சாயணி சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு சீட்டுகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சென்னம்மா வெளியே பார்த்தபடியே கொஞ்சம் நகர்ந்தாள். அந்த இடம் இரண்டு ஊர் தாண்டும் வரை காலியாகவே இருந்தது. பிறகு தாட்சாயணி உட்கார்ந்தாள்.

குழந்தை தூங்கிப்போனது.

"காது கேக்குதா அக்கா அவனுக்கு?" என்று தாட்சாயணி கேட்டாள்.

"ஒரு பக்கம் கேக்குது."

"எந்தப் பக்கம்?"

சென்னம்மா திரும்பி அவள் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தாள்.

"எடது பக்கம் நின்னு கூப்பிடு. திரும்பிப் பாப்பான்."